தோலும் வேதியியலும் நம் பிள்ளைகளும்

(கல்விக் கழக வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)

 

அரசு பொருளுதவியில் நடைபெறும் அறிவியல் ஆராய்ச்சி பற்றிப் பேசுமாறு பணித்திருக்கின்றீர்கள். அது நமக்கு எட்டாத செய்தி என்று சிலர் கருதக்கூடும். ஆகவே புதுவையிலிருந்தே தொடங்குகின்றேன். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இவ்வூரில் நீலம் தோய்த்த கினித்துணி கப்பலேறி, ஆப்பிரிக்காவின் செனகல் நாடு வரை சென்றது. சுற்று வட்டாரத்தில் அவுரி பயிரிட்டனர். சாயத்தொட்டியில் இறங்கி நின்றவர் ஏழை எளியவர். செருமானிய அறிஞர் பேயர் 1883இல் அச்சாயத்தின் மூலக்கூற்று அமைப்பைக் கண்டறிந்தார். 1897இல் செருமனியின் தொழிற்சாலை ஒன்று செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் அவுரி வயல்கள் எவ்வளவு விரைவில் அழிந்தன என்பதை வரலாறு கூறும். கைத்தொழில் நம்மிடம் இருந்தது. அதன் வேதியியல் வேறொருவரிடம் இருந்தது.

இதே நிலை தோல் தொழிலிலும் நேர்ந்தது. அதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வந்தேன். என் தாய்மாமன் வாணியம்பாடிப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். விடுமுறைக்கு வரும்போது அவர் கைவிரல்களின் இடுக்கெல்லாம் வெந்து போயிருக்கும். பள்ளியில் ஓர் ஆசிரியர், தோல் வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளை என்று என்னைத் தனியே அமர்த்தியதும் உண்டு. அந்த வேலைக்குப் பின்னே எவ்வளவு பெரிய அறிவியல் இருந்தது என்பதை மாமனும் அறியார். அந்த ஆசிரியரும் அறியார்.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதம். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். நீரிலிட்டு ஏறத்தாழ 65 பாகை வெப்பத்திற்குக் கொண்டு சென்றால் சுருங்கிப்போகும். ஆவாரம்பட்டைச் சாற்றிலோ கடுக்காய்ச் சாற்றிலோ ஊறவைத்தால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் புரத இழைகளைப் பற்றிக்கொள்ளும், தோல் கெடாது. நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வந்தனர். குரோமிய உப்பைப் பயன்படுத்தினால் அது இழைகளுக்கிடையே பாலங்கள் போல அமைந்து பிணைத்துவிடும். வாரக்கணக்கில் ஆகும் வேலை ஓரிரு நாளில் முடியும். கொதிநீரையும் தாங்கும் தோல் கிடைக்கும். சென்னைக்கருகே குரோம்பேட்டை என்று ஓர் ஊர் இருப்பதே இம்முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையின் பெயரால்தான். அவ்வழியே இரயிலில் போகும் மாணவர்கள் இதை நினைவில் கொள்க.

அந்தக் கொலாஜனின் அமைப்பை உலகிற்கு அறிவித்தவர்களுள் முன்னின்றவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவுமே. 1954இல் அவர்கள் அதை மூன்று இழைகள் முறுக்கிய கயிற்றின் வடிவமாக விளக்கினர். ஆய்வுக்குரிய பொருளைக் கொடுத்துதவியது, அருகிலுள்ள அடையாற்றின் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். மூன்று புரி திரித்த கயிற்றை நம் வீட்டுத் திண்ணையில் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் கடினமாக இருக்குமா என்ன?

அந்நிலையம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்தது. மன்றம் 1942இலும், நிலையம் 1948இலும் தோன்றின. பின்னாளில் அதன் இயக்குநராய் விளங்கிய டாக்டர் நாயுடம்மா குண்டூர் மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பிறர் முகஞ்சுளித்த தோல் தொழிலையே தம் அறிவியலாக ஏற்றுக்கொண்டவர். 1985இல் கனிஷ்கா விமான அழிவில் நாம் அவரை இழந்தோம். பச்சைத் தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றி அனுப்பிய நாடு, முழுமையாக முடித்த தோலும் காலணியும் அனுப்பும் நிலைக்கு வந்ததில் இந்நிலையத்திற்கு உரிய பங்கு உண்டு. இதற்கான செலவு மக்களின் வரிப்பணம். ஒரு தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் அந்த வரியைச் செலுத்தியவரே.

ஆனால் பயன் சமமாகப் பங்கிடப்பட்டதென்று நான் கூறமாட்டேன். தோல் உறிஞ்சாத குரோமியமும், உப்பும், சுண்ணாம்பும் பாலாற்று நிலத்தடி நீரில் கலந்தன. உச்சநீதிமன்றம் 1996இல் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் கடுமையான தீர்ப்பு வழங்க நேர்ந்தது. மயிர் நீக்கப் பயன்படும் சல்பைடு அமிலத்துடன் சேர்ந்தால் நச்சுவாயு எழும். கழிவுக் குழியில் இறங்கியவர் மேலே வராமலே போவதற்கு அதுவே காரணம். 2015 ஜனவரி 31ஆம் நாள் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் மாண்டனர். சல்பைடுக்குப் பதிலாக நொதி கொண்டு மயிர் நீக்கும் முறை, குரோமியத்தை நீரின்றிச் செலுத்தும் முறை ஆகியவற்றை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. இவை எல்லா ஷாப்புகளுக்கும் சென்று சேரவேண்டும். குழியில் இறங்கும் தொழிலாளியின் மகளோ மகனோ அந்த ஆய்வுக்கூடத்தில் இருந்தால் இவ்வேலை இன்னும் விரைந்து நடக்கும் என்பது என் எண்ணம்.

அங்கே செல்லும் வழி திறந்திருக்கின்றதா? பாதி திறந்திருக்கின்றது. ஆராய்ச்சிப் பணிகளில் முதல்வகுப்பின் தொடக்க நிலைக்கு மேற்பட்டவற்றை இடஒதுக்கீட்டிலிருந்து விலக்க 1975இலேயே மத்திய அரசின் ஆணை இடங்கொடுத்தது. இது நமக்குப் பெருங்குறை. எனினும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையில் நமக்கு 15 விழுக்காடு உண்டு. வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு உண்டு. முதுகலை அறிவியலில் 55 விழுக்காட்டிற்குப் பதில் 50 போதும். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படியும் வழங்குகின்றனர். படித்துக்கொண்டே குடும்பத்திற்கும் பணம் அனுப்பலாம். இச்செய்தி எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? பட்டம் பெற்ற நம் பெண்கள் பலர் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருக்கின்றனர். அதைத் தாழ்வென்று சொல்லவில்லை. வேதியியல் படித்தவர் வேதியியலை விட்டுப் போகின்றாரே என்றுதான் வருந்துகின்றேன்.

கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இரவுப் பாடசாலைக் கட்டடத்தின் பின்னறை பூட்டிக் கிடக்கின்றது. அதில் ஒரு தராசும், சோதனைக் குழாய்களும், சில அமிலக் கரைசல்களும் வைத்துத் தந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் வந்து பாடம் நடத்துகின்றேன். முதல் பாடத்திற்கு ஆவாரம்பட்டையும் ஒரு துண்டு ஆட்டுத்தோலும் என் செலவிலேயே கொண்டுவருவேன். ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் இன்றே தங்கள் பெயரைச் செயலாளரிடம் கொடுத்துச் செல்லலாம்.