ஊரின் சொல் ஊருக்கே திரும்பட்டும்

(கரிசல் வட்டாரச் சிறு நகர் ஒன்றில், புத்தகக் கடையைச் சார்ந்த வாசகர் வட்டத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கும் புத்தகக் கடைக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சாலை அமைத்தல், குடிநீர்த் தொட்டி கட்டுதல், கண்மாய்க் கரையை உயர்த்துதல், வீடற்றோர்க்கு வீடு தருதல் ஆகியவையே வளர்ச்சிப் பணிகள் எனக் கருதுவது வழக்கம். அப்பணிகள் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், அமைத்த சாலையைப் பேணவும், கட்டிய தொட்டியைத் தூய்மையாக வைத்திருக்கவும், உயர்த்திய கரையைக் காக்கவும் ஊர் மக்கள் ஒன்றுகூடி எண்ணிப் பேசிப் பழகியிருத்தல் வேண்டும். அப்பழக்கம் ஒப்பந்தப்புள்ளி கோரிப் பெறத்தக்க பொருளன்று. அது மெல்ல மெல்ல வளர்வது. அது வளரும் இடங்களுள் ஒன்று இச்சிறிய கடை. ஆதலின் நாம் இங்கு வந்து பேசுவதும் நமது பணியின் ஒரு பகுதியே ஆகும்.

இக்கடையின் அமைப்பு

பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், உரக் கடைக்கும் தையற் கடைக்கும் இடையே உள்ள இக்கடையை நீங்கள் அறிவீர்கள். முன்பகுதியில் குறிப்பேடுகளும் தேர்வு வழிகாட்டி நூல்களும் இருக்கும். கடைக்கு வாடகை கொடுப்பவை அவையே. உட்பகுதியில் ஓர் அலமாரி முழுதும் நமது கரிசல் மண்ணின் எழுத்தாளர்களுக்கென ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலையில் மேசையை ஓரமாக நகர்த்திவிட்டுக் கோரைப் பாய் விரிக்கிறார்கள். அம்மாதத்துக்கெனத் தேர்ந்த நூலைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள். பேச்சாளர், தலைவர் என்ற வேறுபாடு அங்கு இல்லை. நூலைப் படித்தவர் சொல்வார், படியாதவர் கேட்பார், படிக்கத் தெரியாதவரும் வரலாம்.

நமது மண்ணின் எழுத்தாளர்

பெரிய நகரங்களின் கடைகளில் உலகத்து நூல்கள் எல்லாம் கிடைக்கும். நமது சிறு கடை தன் பெருமையை வேறொன்றில் கண்டது. கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் என்னும் சிற்றூரை எடுத்துக்கொள்வோம். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகிய இருவரும் அவ்வூரினர். இளமை முதல் நண்பர்கள். அழகிரிசாமிக்கு 1970-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது ‘அன்பளிப்பு’ என்ற தொகுப்புக்காகக் கிடைத்தது. ராஜநாராயணனுக்கு 1991-ஆம் ஆண்டில் ‘கோபல்லபுரத்து மக்கள்’ என்ற நாவலுக்காகக் கிடைத்தது. ஒரு சிற்றூர் தன் மக்களுள் இருவரை இவ்வாறு நாட்டுக்கு அளித்திருப்பது எளிய செய்தியன்று.

ராஜநாராயணன் மாணவராகக் கல்லூரி வாயிலை மிதியாதவர், உழவர், முப்பது வயதைக் கடந்த பின்னரே எழுதத் தொடங்கியவர். அவரையே பிற்காலத்தில் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துப் பெருமை கொண்டது. கற்றவர் நூலில் ஏறாதிருந்த நமது பேச்சுச் சொற்களைத் திரட்டி, வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றையும் அவர் உருவாக்கினார். ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி கூட்டுறவுத் துறையில் அரசுப் பணி புரிந்துகொண்டே எழுதியவர். அவரது ‘அஞ்ஞாடி’ 2014-ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. உருளைக்குடியைச் சேர்ந்த சோ. தர்மன் ஆலைத் தொழிலாளியாக உழைத்தவர். அவரது ‘சூல்’ 2019-ஆம் ஆண்டில் அவ்விருதைப் பெற்றது.

இவர்களை நாம் இங்கு எடுத்துரைப்பது விருதுகளை எண்ணிப் பார்ப்பதற்காக அன்று. இவர்கள் எழுதியவை நமது மண், நமது மழை, நமது கடன், நமது பருத்தி, நமது வழக்கு ஆகியவற்றைப் பற்றியவை. அந்நூல்களைச் சென்னையில் படிக்கிறார்கள்; பல்கலைக்கழகங்களில் ஆராய்கிறார்கள்; பிற மொழிகளில் பெயர்க்கிறார்கள். ஆனால், எவருடைய வாழ்வு அந்நூல்களில் உள்ளதோ அவர்களின் வீடுகளில் அவை இல்லை. நமது நிலத்தில் விளைந்த தானியம் நமக்கே கிட்டாமல் வெளியூர்ச் சந்தைக்குச் செல்வது போன்றது இது. இக்குறையை ஒரு சிறு அளவிலேனும் நீக்கியிருப்பதே இக்கடை செய்துள்ள தொண்டு.

இரண்டு மாலைகள்

இவ்வட்டத்தின் கூட்டங்களில் நாம் நேரில் கண்ட இரண்டினைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு மாதம் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ என்ற சிறுகதையைப் படித்தார்கள். தீர்வை பாக்கிக்காக ஓர் ஏழை வீட்டின் கதவைக் கழற்றி எடுத்துச் செல்கிறார்கள். அக்கதவில் ஏறி ஆடி விளையாடிய குழந்தைகளின் கண் வழியாகவே கதை முழுதும் செல்கிறது. சட்டப்படி பார்த்தால் அது பதிவேட்டில் ஒரு வரியில் முடிந்துவிடும் நடவடிக்கை. வீட்டுக்குள் இருந்து பார்த்தாலோ, குளிர் காற்றுக்கும் குழந்தைக்கும் நடுவே இருந்த ஒரே தடுப்பு அகன்றுபோன நிகழ்ச்சி. தீப்பெட்டி ஆலையில் வேலை செய்யும் ஒரு தாயார் அன்று வந்திருந்தார். அவருக்கு எழுத்து வாசனை இல்லை. மகள் படித்துக் காட்டக் கேட்டிருந்தார். கதவைத் தூக்கிச் சென்றவர்களும் அதே ஊரினர்தாமே, அன்றிரவு அவர்கள் தங்கள் வீட்டுக் கதவைச் சாத்தும்போது என்ன நினைத்திருப்பார்கள் என்று அவர் கேட்டார். கூட்டம் சிறிது நேரம் மௌனமாக இருந்தது. கோப்புகளைக் கையாளும் ஒவ்வோர் அலுவலரும் அக்கதையை ஒரு முறையேனும் படித்தல் வேண்டும் என்பது நமது கருத்து. விதியை மீறும்படி அது சொல்லவில்லை. விதியின் மறுமுனையில் ஒரு வீடு இருக்கிறது என்பதை மறவாதிருக்கும்படி செய்கிறது.

மற்றொரு மாதம் ‘சூல்’ நாவலைப் பேசினார்கள். ஊர் மக்கள் தமது கண்மாயைத் தாமே கண்ணுங் கருத்துமாகக் காத்த காலத்தையும், பின்னர் அக்கட்டுக்கோப்பு குலைந்ததையும் அது விரித்துரைக்கிறது. அன்று, முன்னாளில் நீர்ப்பாய்ச்சியாக இருந்த முதியவர் ஒருவரை இளைஞர்கள் அழைத்து வந்திருந்தனர். வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது, மடையை யார் திறப்பது, கலுங்கு எந்த மட்டத்தில் இருந்தால் கரை உடையாது, மறுகால் நீர் எந்த ஊர்க் கண்மாயைச் சென்று சேரும் என்றெல்லாம் அவர் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்து காட்டினார். பொறியாளர் வரைபடத்தில் காணாத ஒரு கிளைக்காலையும் அவர் குறித்துக் காட்டினார். சீமைக் கருவேல் மூடிக் கிடந்ததால் அப்படி ஒரு கால் உண்டு என்பதே இளைஞர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அடுத்த கிராம சபையில் அவ்விளைஞர்களே எழுந்து, அக்காலைத் தூர்வாரும் பணியைப் பட்டியலில் சேர்க்குமாறு கோரினார்கள். எந்தச் சர்வே எண், எவ்வளவு நீளம் என்ற விவரங்களோடு வந்து கோரினார்கள். ஆண்டுதோறும் பல கிராம சபைகளில் அமர்ந்திருக்கும் நமக்கு அதன் அருமை தெரியும்.

ஒரு நாவல் வாய்க்காலைத் தூர்வாரும் என்று நாம் சொல்லவில்லை. மண்வெட்டிதான் தூர்வாரும். ஆனால், எங்கே வெட்டுவது என்பதை அறிந்த முதியவரையும், வெட்டத்தக்க வலிமையுள்ள இளைஞரையும் ஒரே பாயில் அமரவைத்தது அந்நாவலே.

படிக்க நேரமேது?

நாள் முழுதும் உழைப்பவர்க்குப் படிக்க நேரமேது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியே. ஆனால், நமது நாட்டில் நூல் என்பது கண்ணுக்கு மட்டும் உரியதாக என்றும் இருந்ததில்லை. ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பது நமது திண்ணைகளில் நடந்துவந்த வழக்கம். மகளிர் குழுவில் எழுத்தறிந்த ஒருவர் வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் படித்தால், ஒரு மாதத்தில் நடுத்தர அளவுள்ள நூலொன்று முடிந்துவிடும்.

நூலை மக்களிடம் கொண்டு செல்வதில் நமது மாநிலத்துக்கு நெடிய மரபு உண்டு. 1931-ஆம் ஆண்டிலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமந்தோறும் கொண்டு சென்றார்கள். அதே ஆண்டில்தான் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் தமது நூலக விதிகளை நூலாக வெளியிட்டார். நூலகம் காவற்கிடங்காக இருத்தல் ஆகாது, மக்களுக்குப் பயன்படல் வேண்டும் என்பதே அவரது வாழ்நாள் முயற்சி. அதன் பயனாக, விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. நீங்கள் செலுத்தும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே, நூலகத்துக்குச் செல்லாதவரும் அதற்குப் பணம் கொடுத்தவரே ஆவர். கொடுத்த பணத்துக்குரிய பயனைப் பெறாமல் இருப்பது சிக்கனமாகாது.

2006-ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிதோறும் நூலகம் அமைந்தது. அவற்றுட் சில இன்று நன்கு நடைபெறுகின்றன; சிலவற்றில் பூட்டுத் துருப்பிடித்திருக்கிறது. பூட்டைத் திறக்க ஆணை பிறப்பிக்கலாம். திறந்த கதவுக்குள் மக்கள் நுழைவதற்கு ஆணை பயன்படாது. உள்ளே தம்மைப் பற்றிய ஏதோ ஒன்று இருக்கிறது என்ற ஆவல் வேண்டும். அவ்வாவலை உண்டாக்குவது இத்தகைய வாசகர் வட்டமே.

கடை நிலைக்குமா?

இனி, கசப்பான ஒன்றையும் சொல்லுதல் வேண்டும். கூட்டத்துக்கு வருபவர் பலர். நூல் வாங்குபவர் சிலர். கடையில் நூலைப் புரட்டிப் பார்த்து, அட்டையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு, சிறிது தள்ளுபடிக்காக வேறிடத்தில் தருவித்துக்கொள்பவரும் உண்டு. விலையை ஒப்பிட்டு வாங்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால், அத்தள்ளுபடி கொடுப்பவர் இங்கே பாய் விரிக்க மாட்டார்; நீர்ப்பாய்ச்சியாரை அழைத்து வரமாட்டார். தேர்வு நூல்களின் விற்பனை குறைந்தால் உள் அலமாரியையே முதலில் எடுக்க நேரும் எனக் கடை உரிமையாளர் நம்மிடம் கூறினார். 2022-ஆம் ஆண்டு முதல் மாவட்டந்தோறும் அரசு நடத்திவரும் புத்தகத் திருவிழாக்கள் பெரும்பயன் தருபவை. ஆயினும் திருவிழா ஆண்டில் சில நாட்களே. மற்ற நாட்களில் விளக்கேற்றி வைத்திருப்பது இதுபோன்ற கடையே.

ஆதலின் சில யோசனைகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, புத்தகச் சீட்டு. தீபாவளிச் சீட்டுப் போல, பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு சிறு தொகை செலுத்தி, முறை வைத்து ஒருவருக்கு அம்மாதம் நூல்கள் வாங்கலாம். பத்து மாதத்தில் பத்து வீடுகளில் நூல்கள் இருக்கும். மாற்றி மாற்றிப் படிக்கவும் இயலும்.

இரண்டாவது, பொன்னாடைக்கு மாற்று. நமது ஊர் விழாக்களில் போர்த்தும் சால்வைகள் பெட்டியில் கிடந்து மடிகின்றன. அவ்விடத்தில் நமது வட்டார எழுத்தாளரின் நூலொன்றை வழங்கலாம். திருமணத் தாம்பூலத்தோடும் வழங்கலாம்.

மூன்றாவது, சொல் சேகரிப்பு. கமலை, கூனை, வால்கயிறு என்றால் இன்றைய மாணவர் விழிக்கிறார்கள். கமலை போனதற்காக வருந்த வேண்டுவதில்லை. அது மாட்டையும் மனிதனையும் வருத்திய வேலை. ஆனால், சொல் போய்விட்டால் பாட்டன் பட்ட பாடு பேரனுக்கு விளங்காமற் போகும். மாணவர்கள் முதியோரிடம் கேட்டு மாதம் பத்துச் சொற்களைப் பொருளோடு எழுதி வரட்டும். அக்குறிப்பேடு இக்கடையிலேயே இருக்கட்டும்.

நான்காவது, வட்டம் ஊர்களுக்குச் செல்லுதல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இக்கூட்டம் ஓர் ஊராட்சி நூலகத்தில் நடைபெறட்டும். அந்நாளில் கட்டடத்தைத் திறந்து தூய்மை செய்து விளக்கு வசதியோடு ஒப்படைக்கும் பொறுப்பை நமது அலுவலகம் ஏற்றுக்கொள்கிறது. வரும் காலாண்டுக்கான ஊரை இக்கூட்டத்திலேயே நீங்கள் முடிவு செய்யலாம்.

பெரியோர்களே, தாய்மார்களே! 1970, 1980-ஆம் ஆண்டுகளில் கோவில்பட்டி நகரில் இளைஞர் சிலர் மாலை வேளைகளில் கூடி, படித்ததைப் பேசியும் எழுதியதைப் படித்துக் காட்டியும் வந்தனர். அவர்களுக்கு மண்டபமும் இல்லை, மானியமும் இல்லை. அக்கூட்டத்திலிருந்து தமிழ்நாடு அறிந்த எழுத்தாளர் பலர் தோன்றினர். இன்று இப்பாயின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியருள் நாளைய எழுத்தாளர் எவர் என்பதை இப்போது எவரும் சொல்ல இயலாது. எழுத்தாளர் எவரும் தோன்றாவிடினும் குற்றமில்லை. தம் ஊரைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்து, கிராம சபையில் எழுந்து தெளிவாக நான்கு வார்த்தை பேசக்கூடிய குடிமக்கள் தோன்றினாலே போதும். அதற்குரிய விதை இந்த அலமாரியில் இருக்கிறது. அதை வாங்குங்கள், படியுங்கள், படிக்க இயலாதவர்க்குப் படித்துக் காட்டுங்கள்.