பள்ளிக்குழுவில் ஒரு தாய்



அயர்லாந்து நாட்டில் தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகளே. முன்பு பங்குத்தந்தை ஒருவரே பள்ளியை நிர்வகித்தார். 1975இல் நிர்வாகக் குழுக்கள் வந்தன.

இப்போது குழுவில் வழக்கமாக 8 பேர். ஆயர் நியமிப்பவர் இருவர். தலைமை ஆசிரியர், இன்னோர் ஆசிரியர். ஊரார் இருவர். பெற்றோரில் ஒரு தாய், ஒரு தந்தை. இந்த இருவரையும் பெற்றோரே தேர்ந்தெடுக்கிறார்கள். இதுதான் பெரிய மாற்றம். ஆனால், தலைவரை இன்றும் ஆயர்தான் நியமிக்கிறார்!

பதவிக்காலம் 4 ஆண்டு. சம்பளம் கிடையாது. பொறுப்போ பெரிது. ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது. ஆசிரியரை வேலைக்கு எடுப்பது குழு. அதற்கு ஆயரின் ஒப்புதல் வேண்டும். கூரை ஒழுகினாலும், கணக்கு உதைத்தாலும் குழுதான் பதில் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் வரவு செலவு படிக்கப்படும். புரியவில்லையா? அந்தத் தாய் கேட்கலாம். விளக்கம் தரப்பட வேண்டும்.