யாரிடம் பணிவது, யாருக்கு நன்றி சொல்வது?



அன்னை மீனாம்பாள் சிவராஜ் நினைவாகத் திருபுவனையில் கூடியிருக்கிறோம். 1904ஆம் ஆண்டு இரங்கூனில் பிறந்தவர் அவர். பெரும் வணிகராக விளங்கிய பெ.மா. மதுரைப்பிள்ளையின் பேத்தி. அந்தத் தாத்தாவையும் பேத்தியையும் முன்வைத்து ஒரு கேள்வியைப் பேசலாம் என்று எண்ணுகிறோம். நம்மிலிருந்து தொழில் செய்து உயர்ந்த ஒருவர் யாரிடம் பணிவாக இருக்க வேண்டும்? யாருக்கு நன்றியோடு இருக்க வேண்டும்?

பணிவு என்ற சொல்லை மற்றவர்கள் எடுத்துக்கொள்வது போல நாம் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியதற்குப் பெயர் பணிவு. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்ததற்குப் பெயர் பணிவு. நாளெல்லாம் நடவு நட்டுவிட்டு, அளந்து போட்ட கூலியைக் கும்பிட்டு வாங்கியதற்குப் பெயர் நன்றி. உழைத்தவர், உழைப்பை வாங்கியவருக்கு நன்றி சொன்ன காலம் அது.

அதனால்தான், நம் பிள்ளை ஒருவர் பட்டறை வைத்து, பத்துப் பேருக்கு வேலை கொடுத்து, ஒரு காரும் வாங்கியதும், 'வந்த வழியை மறக்காதே, அடக்கமாக இரு' என்று யாராவது சொன்னால், சொல்வது யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்டைத்தனம் போகாதவர் சொன்னால் அது பழைய துண்டைத்தான் கேட்கிறது; மறுத்துவிடலாம். அதையே நம் அம்மா சொன்னால் மறுக்க முடியாது. அவர் கேட்பது வேறு.

மதுரைப்பிள்ளை 1858இல் சென்னையில் பிறந்தவர். நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கூலிகளாகக் கப்பலேறிய காலத்தில் அவரும் பர்மாவுக்குப் போனார். இரங்கூன் துறைமுக வணிகத்தில் துபாஷாக உயர்ந்தார். ராய் பகதூர் பட்டம் வந்தது. தமிழ்ப் புலவர்களை ஆதரித்தார். அவர்கள் பாடியவை 'மதுரைப் பிரபந்தம்' என்று நூலாயின. இரங்கூனில் பள்ளியும் நடத்தினார். 1913இல் மறைந்தார். வள்ளல் என்ற பெயர் பிரபந்தத்தில் நிற்கிறது. அந்தப் பள்ளியில் எழுத்துக் கூட்டிய பிள்ளைகளின் பெயர் எந்தப் பிரபந்தத்திலும் இல்லை. நம்மைக் கேட்டால், அவர் நன்றிக்குச் சாட்சி அந்தப் பிள்ளைகள்தான்.

பேத்தி வசதியாக ஒதுங்கி வாழ்ந்திருக்கலாம். அவர் பொதுவாழ்வுக்கு வந்தார். 1938இல் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டம் வழங்கியதில் முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பில் அண்ணல் அம்பேத்கரோடு நின்றார். தாத்தா பள்ளியாகத் திருப்பிக் கொடுத்ததைப் பேத்தி குரலாகத் திருப்பிக் கொடுத்தார்.

'என் திறமையால் வந்தேன், யாருக்கும் கடன்படவில்லை' என்கிற இளைஞர்களையும் பார்க்கிறோம். திறமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அண்ணலுக்கு இல்லாத திறமையா? கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துத் திரும்பியவர், பம்பாயில் பங்கு வணிக ஆலோசனைத் தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. தொழிலை மூட வேண்டியதாயிற்று.

இன்று மத்திய அரசும் அதன் நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கை 2012 முதல் இருக்கிறது. 2016இல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் 10 லட்சம் முதல் 1 கோடி வரை கடனுக்கு வழி சொன்னது. புதுச்சேரியில் பாட்கோ இருக்கிறது. இவை சலுகையும் அல்ல, தானமும் அல்ல, உரிமை. கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு ஒரு வணக்கம் போதும். அந்த உரிமைக்காக அடிபட்டவர்களுக்குத்தான் கடன்.

அந்தக் கடனை எங்கே அடைப்பது? திருபுவனைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவு நூற்பாலையையும் பிப்டிக் தொழிற்பேட்டையையும் பார்த்த ஊர் இது. ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பியவர்களின் பிள்ளைகள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். முதலாளி நம்மவர் என்பதால் மட்டும் தொழிலாளிக்கு விடிந்துவிடாது. 20 பேர் வேலை செய்தால் வருங்கால வைப்பு நிதி கட்ட வேண்டும் என்பதற்காக, பதிவேட்டில் 19 பேரோடு நிறுத்தினால் அதில் நன்றி எங்கே இருக்கிறது? அப்பா வயதுக்காரரை 'வாடா' என்று கூப்பிட்டால் அதில் பணிவு எங்கே இருக்கிறது? கழிவறை கழுவுகிறவருக்குக் கையுறை உண்டா, அவருக்கும் அதே டம்ளரில் தேநீர் உண்டா என்று பார்த்தாலே போதும், முதலாளியின் மனசு தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஊர்த்தெரு முதலாளியிடம் யாரும் கேட்காத கணக்கை நம்மவரிடம் மட்டும் கேட்பது நியாயமா? வங்கித் தவணையும், பணம் தராமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளரும் அவருக்கும் உண்டு. கல்யாணச் செலவு, கருமாதிச் செலவு என்று சேரியின் சுமை முழுவதையும் அவர் தலையில் ஏற்றக் கூடாது. நாம் கேட்பது தானமல்ல. சட்டப்படியான கூலி, மரியாதையான சொல், தொழில் கற்க வரும் பிள்ளைக்குத் திறந்த கதவு. இவ்வளவுதான்.

திருவிழாவுக்கு உபயம் கேட்டு, பரிவட்டம் கட்டுவதாக அழைப்பு வரும் நாளும் வரலாம். போவதும் போகாமல் இருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் தலையில் பரிவட்டம் ஏறும்போது, அந்தத் தேர் நம் தெருவுக்குள் வருகிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நம்மை மிதித்தவர் முன் நிமிர்ந்து நிற்பதும், நம்மைச் சுமந்தவர் முன் குனிவதும் ஒரே பண்புதான். அன்னை மீனாம்பாளிடம் நாம் கற்றுக்கொள்வது அதைத்தான்.

ஜெய்பீம்.