தினம் ஒரு பூ

(தலைப்பு: கலைத்திறன் வளர்வது பெரிய வாய்ப்புகளாலா? அன்றாடப் பழக்கத்தாலா? ‘அன்றாடப் பழக்கத்தாலே!’ என்ற அணியில் பேசியது)

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே! எதிரணியில் வீற்றிருக்கும் அன்புச் சகோதரர்களே! அடுப்படி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால பேசின சகோதரர், “நல்ல போட்டோ எடுக்கணும்னா காஷ்மீர் போகணும், லட்ச ரூபாய் கேமரா வேணும்”னு முழங்கினாரு. ஐயா, அவர் ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய் எடுத்த படங்களை நான் பார்த்திருக்கேன். நாற்பது படம். நாற்பதிலும் அவர்தான் நிற்கிறாரு. பூ ஒண்ணுகூடத் தெரியலை! (சிரிப்பு)

நான் காஷ்மீர் போகலை ஐயா. எங்க அம்மா வீட்டுக் கொல்லைக்குப் போறேன். அம்மாவுக்கு டிசம்பர் பூன்னா உயிர். வாசம் இல்லாத பூதான். ஆனா அந்த ஊதா நிறம் இருக்கே! மார்கழி பிறந்தா நெருக்கமாக் கட்டித் தலை நிறைய வச்சுக்குவாங்க. அப்பா தவறிப் போனாரு. அந்த மார்கழியிலும் செடி பூத்துச்சு, அம்மா பறிக்கலை. “வச்சுக்கோம்மா”ன்னோம். “ஊர் என்னடி சொல்லும்?”னாங்க. கொல்லைப் பக்கம் போறதையே விட்டுட்டாங்க. பூவெல்லாம் செடியிலேயே வாடிக் கொட்டிச்சு. அம்மாவும் அப்படித்தான் இருந்தாங்க.

அடுத்த மார்கழி முதல் தேதி, என் மகள் தன்னோட பழைய செல்போனை அவங்க கையில கொடுத்தா. “அம்மாச்சி, தினம் ஒரு பூவைப் படம் எடுத்து அனுப்பு. ஒண்ணே ஒண்ணு. அதைப் பார்த்துட்டுத்தான் காலேஜுக்குக் கிளம்புவேன்”னா.

முதல் நாள் படம் வந்துச்சு. அதில் பூ இல்லை ஐயா, அம்மாவோட கட்டைவிரல்தான் இருந்துச்சு! (சிரிப்பு) ஒன்பது மணி வெயில்ல எடுத்தாங்க. வெள்ளைப் பூ சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துப் போச்சு. மறுநாள் ஏழு மணிக்குள்ள, சாய்ந்த வெளிச்சத்துல எடுத்தாங்க; இதழோட நரம்பு தெரிஞ்சுது. பின்னாடி துணிக்கொடி தெரியுதுன்னு கறுப்புக் குடையை விரிச்சு வச்சாங்க. காற்றுல பூ ஆடுதுன்னு முந்தானையை மறைப்பாப் பிடிச்சாங்க. யார் சொல்லிக் கொடுத்தா? நேத்து செஞ்ச தப்பு, இன்னிக்குப் பாடம்! இதுதான் ஐயா பழக்கம்.

கோலத்துல வைக்கிற பூசணிப் பூ நமக்கெல்லாம் தெரியும். பூவுக்கு அடியில குட்டிக் காய் இருந்தா அது பெண் பூ, பறிக்கக்கூடாது. ஆண் பூவைத்தான் பறிக்கணும். அம்மாவுக்கு இது சின்ன வயசிலேயே தெரியும். ஆனா படம் எடுக்கக் குனிஞ்சப்பதான், உள்ளேயிருந்து ஒரு தேனீ உடம்பெல்லாம் மகரந்தம் பூசிக்கிட்டு வர்றதைப் பார்த்தாங்க. “இத்தனை வருஷமா பறிச்சேன்டி, பார்க்கலியே”ன்னாங்க. காலையில விரியற அந்தப் பூ உச்சி வெயிலுக்கு முன்னால சுருங்கிடும். நாளைக்குப் பார்த்துக்கலாம்னு தள்ளிப்போட முடியாது!

“வீட்டுக்குள்ள இருந்து செய்யறதெல்லாம் கலையா?”ன்னு எதிரணி கேட்கலாம். அமெரிக்காவில் இமோஜன் கன்னிங்ஹாம் என்று ஒரு அம்மையார். மூன்று பையன்கள், அதில் இரண்டு பேர் இரட்டைப் பிள்ளைகள். வீட்டை விட்டு நகர முடியுமா? 1920-களில், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, வீட்டுத் தோட்டத்துச் செடிகளைப் படம் எடுத்தார். 1925 வாக்கில் அவர் எடுத்த மக்னோலியா பூவின் படம் இன்றைக்கும் உலகப் புகழோடு இருக்கிறது. (கைதட்டல்)

கேமரா விலையைச் சொன்னீங்களே! ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்பெல்ட் என்று ஓர் ஆசிரியர். கேமராவைத் தாமே செய்துகொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செடி, மொட்டு, தளிர் என்று ஆயிரக்கணக்கில் எடுத்தார். 1928-இல் புத்தகம் வந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. புகழ் ஒரு நாளில் வந்தது. பழக்கம் முப்பது வருஷம் ஐயா!

நடுவர் மணி அடிச்சிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். அம்மா இன்னிக்கும் தலையில பூ வச்சுக்கலை. அந்த வழக்கத்து மேல எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனா ஒரு நாள் விடாம படம் வந்துச்சு. போகி அன்னிக்கு வந்த படத்துல டிசம்பர் பூ செடியில இல்லை ஐயா, அம்மாவோட உள்ளங்கையில இருந்துச்சு. அப்பா போனதிலிருந்து அவங்க தொடாத பூ! (கைதட்டல்)

காஷ்மீர் போயிருந்தா இது நடந்திருக்குமா? தினம் பத்து நிமிஷம் கொல்லைக்குப் போனதால நடந்துச்சு. ஆகவே, கலைத்திறனை மட்டுமல்ல, மனுஷ மனசையும் மலர வைப்பது அன்றாடப் பழக்கமே என்று நல்ல தீர்ப்பை வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு, விடைபெறுகிறேன்.