பெயர் ஒன்று, இனம் பல

(சீத்தா கேம்ப்பில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

செட்டிநாட்டுக் குழம்பில் மணக்கும் கல்பாசியை அறியாத தமிழ் இல்லம் அரிது. நம் மராத்தி அண்டை வீட்டாரும் அதனைத் ‘தகட் பூல்’, அஃதாவது கற்பூ, என்று அழைத்துத் தம் மசாலாவில் சேர்க்கின்றனர். ஆயினும் அது பூவுமன்று, தனிப் பாசியுமன்று. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் கூட்டுயிர் அது. உடலைக் கட்டுவது பூஞ்சை. வெயிலைக் கொண்டு உணவு ஆக்குவது பாசி.

தெற்கிலிருந்து வந்தோர் அனைவரையும் ‘மதராசி’ என்னும் ஒரே சொல்லால் இந்நகரம் அழைத்ததை நம் பெரியோர் அறிவர். கல்பாசியின் நிலையும் அதுவே. ஒரே பெயரால் நாம் வாங்கும் பொட்டலத்தில் பல இனங்கள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்?

முதல் வழி வடிவம். பார்மோட்ரெமா பெர்லாட்டம் என்னும் இனத்தின் விளிம்பில் மாவு போன்ற துகள் படிந்திருக்கும், கருமயிர்களும் உண்டு. பார்மோட்ரெமா டிங்டோரம் என்பதற்கோ விளிம்பில் மயிரில்லை. மேற்பரப்பில் நுண்விரல் போன்ற முளைகள் நிறைந்திருக்கும்.

காய்ந்து நொறுங்கிய துண்டிலே இவ்வடையாளங்கள் மறைந்து விடலாம். அங்கே வேதியியல் துணை செய்கின்றது. பின்லாந்து நாட்டு அறிஞர் நைலாண்டர் 1866-இல் காட்டிய வழி இன்றும் பயன்படுகின்றது. மேல்தோலைச் சுரண்டி, உள்ளிருக்கும் வெண்பகுதியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஒரு துளி இட்டால் டிங்டோரம் சிவக்கும், பெர்லாட்டம் சிவக்காது. முன்னதில் லெக்கனோரிக் அமிலமும் பின்னதில் ஸ்டிக்டிக் அமிலமும் இருப்பதே காரணம். சோதித்த துண்டைக் குழம்பில் இட்டுவிட வேண்டாம்!

மூன்றாம் வழி மரபணு. நம் மலைகளிலும் வளரும் பார்மோட்ரெமா ரெட்டிகுலாட்டம் ஒரே இனமென நெடுங்காலம் கருதப்பட்டது. மரபணு ஆராய்ச்சியோ அப்பெயருக்குள் பல தனி மரபுகள் ஒளிந்திருப்பதைக் காட்டிற்று. ஆகவே ஒரு சான்றை மட்டும் நம்பாது, மூன்றையும் ஒருங்கே ஆராய்ந்து முடிவு காண்பதே அறிஞர் முறை.

இதனால் நமக்கென்ன பயன் எனலாம். இவ்வகை உயிர்கள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளர்வன. மரத்திலிருந்து சுரண்டி எடுத்தால், மீண்டும் தழைக்கப் பல்லாண்டுகள் செல்லும். பெயர் தெரியாத இனம் அழிந்தால் அவ்விழப்பை எவர் கணக்கிடுவார்? பேராசிரியர் டி. டி. அவஸ்தி வாழ்நாளெல்லாம் திரட்டிய தொகுப்பு லக்னோவிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிலையத்தில் பேணப்படுகின்றது. அப்பணியைத் தொடர நம் காலனிப் பிள்ளைகளும் முன்வர வேண்டும். அஞ்சறைப் பெட்டியே அவர்கட்கு முதற் பாடசாலை ஆகுக!

 வாழ்க தமிழ்! வளர்க அறிவு!