மண்டையோடும் அச்சுப்பிரதியும்

1884இல் இதே ரொறன்ரோவில் பிறந்து, இங்கேயே மருத்துவம் படித்தவர் டேவிட்சன் பிளாக்.

1927இல் சீனாவின் சௌகௌடியனில் கிடைத்த கடைவாய்ப்பல்லை வைத்து, ‘பீக்கிங் மனிதன்’ புதிய இனம் என்று அறிவித்தார். பலர் நம்பவில்லை. 1929 டிசம்பரில் பெய் வென்சோங் அங்கேயே மண்டையோட்டைக் கண்டெடுத்தார். பிளாக் அதைக் கல்லிலிருந்து பிரித்து அளந்தார்; அச்சுப்பிரதியும் எடுக்கப்பட்டது. 1934இல், 49 வயதில், பணியறையிலேயே இறந்தார்.

1941இல், போர்க்காலத்தில், அந்த மண்டையோடு தொலைந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை. அளவுகளும் அச்சுகளுமே மிஞ்சின.

நான் தாதி. இரவில் நாங்கள் எழுதி வைப்பதுதான் காலையில் வருபவருக்குக் கண். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை இழந்த நமக்குப் பிரதியின் அருமை தெரியும். வீட்டிலுள்ள பழைய கடிதங்களை இந்த வாரமே பிரதி எடுத்து வையுங்கள்.