யூஸ்நெட் இன்னும் ஓட வேண்டும்



1979-இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த டாம் ட்ரஸ்காட்டுக்கும் ஜிம் எல்லிஸுக்கும் ஒரு யோசனை வந்தது. ஒரு கணினி தொலைபேசி வழியே இன்னொன்றை அழைத்து, அங்கே புதிதாக எழுதப்பட்டவற்றை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பிறந்ததுதான், தலைப்புவாரிக் குழுக்களில் எழுதி விவாதிக்கும் யூஸ்நெட். 1991 ஆகஸ்டில், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்னது இங்கேதான். அதுவே பிறகு லினக்ஸ் ஆயிற்று.

இவ்வளவு பழையதை இன்னும் பராமரிக்க வேண்டுமா? கட்டாயம் வேண்டும் என்பேன்.

அதில் ஒரு பதிவைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பகுதியில் ‘பாத்’ என்றொரு வரி இருக்கும். பதிவு எந்தெந்தக் கணினி வழியாக வந்ததோ அத்தனை பெயர்களும் ஆச்சரியக்குறிகளுக்கு இடையே வரிசையாக நிற்கும். ஒவ்வொரு கணினியும் தனக்கொரு பிரதி வைத்துக்கொண்டுதான் அடுத்ததற்கு அனுப்பும். ஆகவே இதற்கு முதலாளி இல்லை. ஒருவர் கடையை மூடினாலும் பேச்சு நிற்காது. 2010-இல் டியூக்கே தன் சர்வரை நிறுத்தியது. 2024 பிப்ரவரியில் கூகுள் குரூப்ஸும் விலகிக்கொண்டது. யூஸ்நெட் நிற்கவில்லை.

அடுத்து, பதில் எழுதும் முறை. முன்னவர் சொன்னதில் தேவையான வரிகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு கூர்முனைக் குறி போட்டு, அதன் கீழே மறுப்பை எழுதுவார்கள். அவருக்கும் முன்னால் பேசியவர் வரிக்கு இரண்டு குறி. ஒரு வாரம் கழித்து வருபவருக்கும் யார் எதற்கு என்ன சொன்னார் என்பது தெளிவாகத் தெரியும். வாதம் செய்வதும் ஒரு கலை. எதிராளியின் சொல்லை அப்படியே முன்னால் வைத்துவிட்டு மறுக்கும் இந்தப் பண்பு, எது மேலே வரவேண்டும் என்பதை நிறுவனமே தீர்மானிக்கிற இன்றைய சமூக ஊடகங்களில் அருகிவருவது எனக்கு வருத்தம் தருகிறது.

குறைகள் உண்டு. விளம்பரக் குப்பை பல குழுக்களை அழித்தது. படம், திரைப்படம் என்று பெரிய கோப்புகளைச் சுமக்கும் குழுக்களுக்காக நான் வாதாட மாட்டேன். எழுத்துக் குழுக்களுக்கோ ஒரு சாதாரணக் கணினி போதும். யூஸ்நெட் சர்வரை நடத்த உதவும், 1992-இல் வெளியான ஐஎன்என் மென்பொருள் இலவசம், இன்றும் பராமரிப்பில் இருக்கிறது. கணினித் துறை உள்ள எந்தக் கல்லூரியும் இதை ஏற்று நடத்தலாம். மாணவர்கள் வாதிடவும் பழகலாம், சர்வரைப் பராமரிக்கவும் கற்கலாம்.